இரண்டு நாளில் எடுக்கும் படம்
அகதி முகாம்களில் வளரும் குழந்தைகளின் வாழ்க்கையைப் பதிவு செய்ய வேண்டும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. சரி, ஆனால் எப்படி? வழக்கமாக வெளியிலிருந்து ஒருவர் வருவார், இரண்டு நாள் தங்குவார், கம்பிவேலியைப் பிடித்தபடி நிற்கும் ஒரு குழந்தையின் முகத்தைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார், அதோடு சரி. கென்யாவின் தடாப் முகாம் 1991இல் தொடங்கியது. அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே பிள்ளை பெற்றவர்களும் இருக்கிறார்கள். ஜோர்டானின் ஜாத்தாரி முகாம் 2012இல் வெறும் கூடாரங்கள்தான், அப்புறம் கடைத்தெருவே வந்துவிட்டது. தண்ணீர் வரிசையில் கேனை வைத்துவிட்டு அந்த நேரத்தில் வீட்டுப்பாடம் எழுதும் சிறுமி, பாலித்தீன் பைகளைச் சுருட்டிக் கயிறு கட்டிய பந்து, பார்த்தே இராத ஊரை ‘எங்க ஊர்’ என்று சொல்லும் பையன், இதெல்லாம் வருடக்கணக்கில் போய்ப் பழகினால்தான் கண்ணில் படும்.

இன்னொன்று, பெயரையும் முகத்தையும் போடுமுன் யோசியுங்கள், சொந்த ஊரிலேயே தங்கிவிட்ட உறவினருக்கு அதனால் ஆபத்து வரலாம். அதோடு, பிறப்புப் பதிவு குழந்தையின் உரிமை என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 7ஆம் பிரிவிலேயே சொல்கிறது. படம் எடுக்கப் போகிறவர்கள், அந்தப் பிள்ளையிடம் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேட்டு எழுதலாமே.