சுக்கு வெறும் சக்கையன்று

'இஞ்சி காய்ந்து சுக்கானால் குணமெல்லாம் போய்விடும், அது வெறும் சக்கை' என்று சொல்லப்படுவது சரியன்று. பச்சை இஞ்சிக்குக் காரம் தரும் ஜிஞ்சரால் என்னும் வேதிப்பொருள், உலரும்போது நீர் மூலக்கூறை இழந்து ஷோகால் என்னும் வேறொரு பொருளாக மாறுகிறது. இது ஜிஞ்சராலைவிடக் காரம் மிகுந்தது என்பதால்தான், ஒரு சிட்டிகை சுக்குப் பொடியை நாக்கில் வைத்தவுடன் தொண்டை வரை சுரீரென்று எரிகிறது. உண்மையில் குறைவது மணம்தான்: பச்சை இஞ்சியை நறுக்கும்போது எழும், எலுமிச்சையை நினைவூட்டும் அந்த வாசனை, எளிதில் ஆவியாகும் எண்ணெய்களோடு ஓரளவு போய்விடுகிறது. ஆகவே சமையலில் இஞ்சிக்குப் பதிலாகச் சுக்கைச் சேர்ப்பவர்கள் அளவைக் கணிசமாகக் குறைக்க வேண்டும். கர்ப்பகாலக் குமட்டல் குறித்த ஆய்வுகள் பலவற்றில் கொடுக்கப்பட்டதே நாளொன்றுக்குச் சுமார் 1 கிராம் உலர் இஞ்சிப் பொடிதான். ரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோர், இரண்டில் எதையும் மருந்தாக எடுக்கும் முன் மருத்துவரிடம் அவசியம் கேட்க வேண்டும்.