சின்னப்பாலத்திலிருந்தும் பாதை உண்டு
வெளிநாட்டு முதுகலைப் பட்டமே ஐ.நா. போன்ற அமைப்புகளில் மக்கள் முன்னேற்றத்துக்காகச் செய்யும் சர்வதேச வளர்ச்சிப் பணிக்கு முதல் படி என்று இந்தக் கட்டுரையாளர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஐ.நா. பதவிகள் பலவற்றுக்கு முதுகலைப் பட்டம் கேட்கிறார்கள் என்பது உண்மைதான். அதை வெளிநாட்டில்தான் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பின் மீன்வளக் குழு 2014-இல் ஏற்ற சிறிய அளவிலான மீன்பிடிப்புக்கான வழிகாட்டு நெறிகள் பேசும் சிக்கல்களைச் பாம்பன் அருகே உள்ள மீனவக் கிராமமான சின்னப்பாலத்தில் நேரிலேயே காணலாம்: பாறை கிழிக்காதிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மரிக்கொழுந்துப் பாசி என்னும் கடற்பாசி எடுக்கும் பெண்களுக்கு மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் தீவுகளை ஒட்டிய கடலில் தடை, கரையிலோ வியாபாரி வைத்ததுதான் விலை. அவர்களோடு அமர்ந்து மனு எழுதிய அனுபவத்தைப் பற்றித்தான் என் முதல் நேர்முகத் தேர்வில் அதிகம் கேட்டார்கள். கடன் வாங்கி லண்டன் போகலாமா என்று மேலே பின்னூட்டத்தில் கேட்டிருக்கும் சகோதரி, முதலில் மண்டபம், பாம்பன் போன்ற மீனவ ஊர்களில் சில காலம் பணியாற்றிவிட்டு முடிவெடுங்கள், ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் உள்நாட்டுப் பணியிடங்களும் உண்டு.