ஒரு "லாம்" செய்த வேலை

பெட்டியை எடை போட்டாயிற்று. பதினேழு கிலோ நானூறு கிராம். கைப்பிடியில் ஒட்டும் அந்த நீளப் பட்டை பிரிண்டரிலிருந்து பாதி வெளியே வந்துவிட்டது. அப்போதுதான் கவுண்டரில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டிலிருந்து நிமிர்ந்து, "ரிட்டர்ன் டிக்கெட் காட்டுங்க சார்" என்றார்.

"ரிட்டர்ன் இல்லைங்க. ஒன்-வேதான்."

அவ்வளவுதான். அதுவரை ஜன்னலோரமா நடுவிலா என்று கேட்டுக்கொண்டிருந்தவர், நான் ஏதோ பெட்டிக்குள் பாம்பு இருக்கிறது என்று சொன்னதுபோல ஒரு பார்வை பார்த்தார். பட்டை பாதியிலேயே தொங்கியது. பெட்டி பெல்ட்டில் ஏறவும் இல்லை, என் கைக்குத் திரும்பவும் இல்லை.

நான் ஒன்றும் தலைமறைவாகப் போகவில்லை. பாங்காக்கில் இறங்கி, சில நாள் சுற்றிவிட்டு, ரயிலில் தெற்கே போய், பாதாங் பெசாரில் எல்லையைக் கடந்து மலேசியாவுக்குள் நுழைவது என் திட்டம். அந்த ஸ்டேஷனில் ஒரே கட்டடத்துக்குள் தாய்லாந்து வெளியே அனுப்பும் முத்திரையையும் மலேசியா உள்ளே விடும் முத்திரையையும் வாங்கிவிடலாம். உலகமே போகும் வழி அது. எந்தத் தேதியில் கடப்பேன் என்பதுதான் முடிவாகவில்லை. ஓர் ஊர் பிடித்துப்போனால் நாலு நாள் கூட இருப்பேன், மழை கொட்டினால் முன்னாலேயே கிளம்புவேன். இதற்குப் பெயர்தானே சுற்றுலா?

இதையெல்லாம் பொறுமையாக விளக்கினேன். அந்தப் பெண் சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். வந்தவரிடம் முதலிலிருந்து மறுபடி விளக்கினேன். "ரயிலெல்லாம் கணக்கில வராது சார். ஃப்ளைட் டிக்கெட் இருக்கா?" என்றார். தங்கும் இடத்துக்கான பதிவைக் காட்டினேன். வங்கிக் கணக்கில் இருக்கும் தொகையைக் காட்டினேன். அந்தத் தொகைக்குத் திரும்பும் டிக்கெட் பத்துகூட வாங்கலாம். தலையை ஆட்டினாரே தவிர, கண் திரையிலேயே இருந்தது.

அந்தத் திரையை என் பக்கம் திருப்பச் சொன்னேன். திருப்பினார், அதற்கு அவருக்கு நன்றி. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா நடத்தும் டைமேட்டிக் என்ற தகவல் தொகுப்பு அது. எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் எந்த நாட்டுக்குப் போக என்னென்ன வேண்டும் என்று உலகம் முழுக்கச் செக்-இன் கவுண்டர்களில் பார்ப்பது அதைத்தான். அதில் ஒரு வரி: திரும்பும் டிக்கெட்டோ அடுத்த நாட்டுக்கான டிக்கெட்டோ இல்லாத பயணிகளுக்கு நுழைவு மறுக்கப்படலாம்.

மறுக்கப்பட"லாம்". மறுக்கப்படும் என்று இல்லை, மறுக்க வேண்டும் என்றும் இல்லை. மழை வரலாம், மாமா வரலாம் என்கிற மாதிரி ஒரு "லாம்". அந்த நாட்டு அதிகாரி மறுக்கவும் செய்யலாம், மறுக்காமலும் விடலாம், அது அவர் இஷ்டம் என்பதுதான் அந்த வரிக்கு அர்த்தம். ஆனால் இந்தக் கவுண்டருக்கு வரும்போது அந்த "லாம்" எப்படியோ "ஏற்ற முடியாது" ஆகிவிடுகிறது. அங்கே உட்கார்ந்திருக்கிற அதிகாரி எடுக்க வேண்டிய முடிவை, இங்கே பெட்டிக்கு எடை போடுகிறவர் எடுத்துவிடுகிறார்.

ஏன் இப்படி என்பது தெரியாமல் குமுறவில்லை. ஒரு நாடு என்னை உள்ளே விடாவிட்டால், என்னை வெளியே கொண்டுபோகும் பொறுப்பு கூட்டிவந்த விமான நிறுவனத்தின் தலையில் விழும். 1944-ல் சிகாகோவில் உருவான விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் 9-வது இணைப்பு இதைத்தான் சொல்கிறது. வழக்கம் என்னவோ அதைவிடப் பழசு. 1891-லேயே அமெரிக்கா, தான் உள்ளே விடாதவர்களைக் கப்பல் கம்பெனிகள் தங்கள் செலவில் திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்று சட்டம் போட்டது. பல நாடுகளில் அபராதமும் உண்டு. ஆவணம் சரியில்லாத பயணி ஒருவரைக் கொண்டுவந்து இறக்கினால் பிரிட்டனில் 2,000 பவுண்டு. இப்படிக் கழுத்தில் கத்தி இருக்கும்போது கவுண்டர்காரர் கறாராகத்தான் இருப்பார். எல்லைக்காவல் வேலையை அரசாங்கங்கள் சம்பளம் கொடுக்காமல் விமான நிறுவனங்களின் தலையில் கட்டின. நிறுவனங்கள் அதை அந்தப் பெண்ணின் தலையில் கட்டின. அவர் என் தலையில் கட்டினார். என் தலைக்குக் கீழே யாரும் இல்லை.

அதே 9-வது இணைப்பில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. திருப்பி ஏற்றிவரும் செலவைப் பயணியிடமே நிறுவனம் வசூலித்துக்கொள்ளத் தடை இல்லை. அந்தச் செலவை நானே ஏற்கிறேன், எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். சில இடங்களில் இப்படி எழுதி வாங்கிக்கொண்டு ஏற்றுவதும் உண்டு. சூப்பர்வைசர், "அப்படி ஒரு ஃபார்ம் நம்மகிட்ட இல்ல சார்" என்றார்.

சரி, இதுவரைகூடப் பொறுத்துக்கொள்வேன். விதி என்றால் விதி. ஆனால் அடுத்து அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி, உண்மையான அக்கறையோடு சொன்ன யோசனை இருக்கிறதே, அதைத்தான் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

"ஏதாவது ஒரு டிக்கெட் போட்டுக் காட்டிடுங்க சார். அப்புறம் கேன்சல் பண்ணிக்குங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

அதாவது நான் ரயிலில் போகப்போகிறேன் என்று உண்மையைச் சொன்னால் விமானத்தில் இடம் இல்லை. ஏறப்போகாத விமானத்துக்கு டிக்கெட் போட்டுப் பொய் சொன்னால், வாங்க சார், ஜன்னலோரமா நடுவிலா? பொய் என்பது அவருக்கும் தெரியும், சூப்பர்வைசருக்கும் தெரியும், பின்னால் வரிசையில் நெளிந்துகொண்டிருந்தவர்களுக்கும் தெரியும். காகிதம் ஒன்று இருந்தால் போதும் என்று அத்தனை பேரும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கென்றே ஒரு தனி வியாபாரம் நடக்கிறது. சில டாலர் கொடுத்தால் உங்கள் பெயரில் ஒரு முன்பதிவை உண்டாக்கி அனுப்புவார்கள். ஆறு எழுத்து பி.என்.ஆர். அசலாகவே இருக்கும், நிறுவனத்தின் தளத்தில் போட்டால் பெயரும் வரும், ஒன்றிரண்டு நாளில் தானாகக் காலாவதியாகிவிடும். வாடகை டிக்கெட். பணம் கட்டி முடித்த டிக்கெட்டுக்குப் பதின்மூன்று இலக்கத்தில் தனியாக ஓர் எண் இருக்கும், முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தின் குறியீடு. விவரமான ஊழியர் அதைக் கேட்பார். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அமெரிக்கா சம்பந்தப்பட்ட விமானம் என்றால் இன்னும் வசதி. ஏழு நாளோ அதற்கு மேலோ முன்னதாக எடுத்த டிக்கெட்டை 24 மணி நேரத்துக்குள் அபராதம் இல்லாமல் ரத்து செய்ய வழிவிடும் விதி அங்கே இருக்கிறது. பயணியைக் காக்கப் போட்ட அந்த விதியை வைத்துக் கவுண்டரைத் தாண்டி, பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்கும்போதே ரத்து செய்துவிடுகிறவர்கள் உண்டு. நிஜமாகவே போய் ஒளிந்துகொள்ள நினைக்கிறவனுக்கு இதெல்லாம் தெரியாதா? அவன்தான் முதலில் தெரிந்துவைத்திருப்பான். மாட்டுவது என்னைப் போல "ஒன்-வேதான்" என்று வாயைத் திறக்கும் அப்பாவிகள்.

இதில் விமான நிறுவனங்கள் ஆடும் ஆட்டம் தனி. மலிவுக்கட்டண நிறுவனங்கள் எல்லா டிக்கெட்டையும் ஒருவழியாகத்தான் விற்கின்றன. போக ஒன்று, வர ஒன்று என்று தனித்தனி விலை. விற்கும்போது ஒருவழி, ஏற்றும்போது இருவழி கேட்டால் எப்படி? பெரிய நிறுவனங்களில் கதை தலைகீழ். சில தடங்களில் ஒருவழியைவிடப் போய்வரும் டிக்கெட் மலிவாக இருக்கும். அதை வாங்கிக்கொண்டு போய், திரும்பும் பாதியைத் தூக்கிப் போடுகிறவர்கள் எத்தனையோ பேர். அப்படியானால் திரும்பும் டிக்கெட் வைத்திருப்பவன் திரும்புவான் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

நாடுகளும் சளைத்தவை இல்லை. விசா இல்லாமல் 90 நாள் வரை வரவிடும் அமெரிக்கத் திட்டத்தில் விமானத்தில் போகிறவர்களிடம் திரும்பும் அல்லது அடுத்த நாட்டு டிக்கெட் இருக்க வேண்டும். அது கனடாவிலோ மெக்சிகோவிலோ அருகிலுள்ள தீவுகளிலோ முடிந்தால் செல்லாது, அங்கேயே குடியிருப்பவராக இருந்தால் தவிர. மெக்சிகோ வெளிநாடுதானே ஐயா? அதே ஆள் தரைவழியாக எல்லைக்கு வந்தால் அந்த டிக்கெட் கட்டாயம் இல்லை. ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்து வைத்திருக்கும் ஷெங்கன் எல்லை விதிகளைப் படித்துப் பார்த்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். தங்கவும் திரும்பவும் போதிய பணவசதி இருக்கிறதா என்பதே அங்கே கேள்வி, திரும்பும் டிக்கெட் என்பது காட்டத்தக்க சான்றுகளில் ஒன்று மட்டும். இப்படி எழுதத் தெரிகிறதல்லவா? மற்றவர்களுக்கு என்ன கேடு?

கவுண்டருக்கு வருகிறேன். மூடுவதற்கு முப்பத்தைந்து நிமிடம் இருந்தது. வரிசையை விட்டு ஓரமாகப் போய், தரையில் உட்கார்ந்து டிக்கெட் தேடினேன். போனில் 18 சதவீதம் சார்ஜ். விமான நிலைய வைஃபையில் நுழைய ஓ.டி.பி. கேட்டது, வரவில்லை. வைஃபையை விட்டுவிட்டு சிம்மில் முயன்றால் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருவழியாகப் பாங்காக்கிலிருந்து கோலாலம்பூருக்கு, நான் தங்க அனுமதி உள்ள நாட்களுக்குள் இருந்ததிலேயே மலிவான ஒன்றைப் பிடித்தேன். பணம் கட்டப்போனால் வங்கி ஓ.டி.பி. கேட்டது. அது வருவதற்குள் நேரம் முடிந்து, மறுபடி தேடினால் அதே இருக்கைக்கு விலை ஏறியிருந்தது. எரிச்சலில் "வாடகை டிக்கெட் எடுத்துத் தொலை" என்று ஒரு மனசு சொன்னது. பொய் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றாலும் அசல் காசில் சொல்வோம் என்று கட்டிவிட்டேன். இந்த வீம்பை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

திரும்ப ஓடிப்போய்த் திரையைக் காட்டினேன். அந்தப் பெண் தேதியை மட்டும் பார்த்தார். இரண்டு வினாடிகூட இருக்காது. பட்டையின் மீதிப் பாதியும் வெளியே வந்தது.

பாங்காக்கில் இமிக்ரேஷன் வரிசை நீளம். போன் அணைந்துவிட்டால் என்ன செய்வது என்று, நடுவில் மாறிய விமான நிலையத்தில் காசு கொடுத்து அந்த டிக்கெட்டைப் பிரிண்ட் வேறு எடுத்துவைத்திருந்தேன். என் முறை வந்தது. பாஸ்போர்ட்டோடு அந்தக் காகிதத்தையும் சேர்த்து நீட்டினேன். அதிகாரி காகிதத்தை மடிப்புகூடப் பிரிக்காமல் என் பக்கமே தள்ளிவிட்டார். "எத்தனை நாள்?" சொன்னேன். "எங்கே தங்குகிறீர்கள்?" சொன்னேன். கேமராவைப் பார்க்கச் சொன்னார், பார்த்தேன். முத்திரை விழுந்தது. முழுசாக ஒரு நிமிடம் ஆகியிருக்காது. அந்த மனிதருக்கு என் டிக்கெட் தேவையே இல்லை. யாருக்காக நான் தரையில் உட்கார்ந்து வியர்த்தேனோ, அவருக்கே தேவையில்லை.

அன்றிரவே ரத்து செய்யப் பார்த்தேன். ரத்துக் கட்டணம் டிக்கெட் விலையைவிட அதிகம். தேதி மாற்றக் கட்டணமும் ஏறக்குறைய அதே. விட்டுவிட்டேன்.

பத்தொன்பதாம் நாள், சொன்னபடியே, ரயிலில் பாதாங் பெசார் வந்து இறங்கினேன். ஒரு ஜன்னலில் வெளியேறும் முத்திரை, சில அடி தள்ளி நுழையும் முத்திரை. இரண்டாவது ஜன்னலுக்கான வரிசையில் நிற்கும்போது போன் அதிர்ந்தது. அந்த விமான நிறுவனம்தான். வரும் வாரப் பயணத்துக்கு நான் தயாரா என்று அன்பாக விசாரித்துவிட்டு, கூடுதல் கட்டணம் செலுத்தி எனக்குப் பிடித்த இருக்கையை இப்போதே தேர்வு செய்துகொள்ள"லாம்" என்று எழுதியிருந்தது.