பெரிய கோயிலோடு திரும்பி வந்துவிடாதீர்கள்

தஞ்சாவூர் போய்வந்தேன் என்று படம் போடுகிறவர்களில் பெரும்பாலோர் போய்வந்தது பெரிய கோயிலுக்கு மட்டும். காலையில் வண்டியை நிறுத்தி, விமானத்தை அண்ணாந்து பார்த்து, நந்தி முன்னால் குடும்பத்தோடு ஒரு போட்டோ, வாசலில் ஒரு தலையாட்டி பொம்மை, மதியச் சாப்பாட்டுக்குக் கும்பகோணம். கோயிலைக் குறை சொல்ல வரவில்லை. 1010-இல் கருங்கல்லை 216 அடி உயரத்துக்கு அடுக்கி நிறுத்திய ராஜராஜனைப் பற்றி எவ்வளவு பேசினாலும் தகும். ஆனால் தஞ்சாவூர் ஒரு தலைநகரம். சோழருக்கு அப்புறமும் தலைநகரமாக இருந்த ஊர். அந்த ஊரை யாரும் பார்ப்பதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஒரு சின்னக் கணக்கு. விஜயாலயன் 850 வாக்கில் தஞ்சையைப் பிடித்தான். 1025 வாக்கில் ராஜேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்துக்குத் தலைநகரை மாற்றிக்கொண்டு போய்விட்டான். மிஞ்சிப் போனால் 175 ஆண்டு. நாயக்கர்கள் 1532 முதல் 1673 வரை, அடுத்து மராட்டியர்கள் 1855 வரை. இரண்டையும் கூட்டினால் 300 ஆண்டுக்கு மேல். தஞ்சாவூரின் அடையாளம் என்று நாம் வாங்கி வருவதில், பெருமைப்படுவதில் பெரும்பகுதி இந்த 300 ஆண்டுக் கதை.

இதைச் சொன்னால் உடனே, "வந்தேறிகளுக்கு வக்காலத்தா?" என்று ஒருவர் வருவார். வரட்டும். அவர் வீட்டு வரவேற்பறையில் தங்க ரேக் ஒட்டிய வெண்ணெய்க் கிருஷ்ணர் படம் மாட்டியிருக்கும். அந்த ஓவியப் பாணி செழித்தது மராட்டியர் அரண்மனையில். அவர் மகள் அரங்கேற்றத்தில் அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடிக்கிறாளே, அந்த வரிசையை ஒழுங்குபடுத்தியவர்கள் அதே அரசவையில் இருந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர். ஏன், பெரிய கோயிலில் அவர் போட்டோ எடுத்துக்கொண்ட நந்தியே ராஜராஜன் வைத்தது கிடையாது, நாயக்கர் காலத்தது. பக்கத்தில் நுணுக்கி நுணுக்கிச் செதுக்கிய முருகன் சன்னதியும் அப்படித்தான்.

(அதே இடத்தில் நின்று ஒரு வழிகாட்டி, "விமானத்தின் நிழல் தரையில் விழாது" என்று கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். சாயங்காலம் போய் நின்று பாருங்கள், நன்றாகவே விழுகிறது. உண்மையாக வியக்க அங்கே எவ்வளவோ இருக்க இந்தக் கட்டுக்கதை எதற்கு? "நாம் கொடுத்தனவும், நம் அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும்" கல்லில் வெட்டச் சொல்லியிருக்கிறான் அந்த ராஜா. 400 ஆடல் பெண்களை எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (எந்தப் பக்கத்து வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்று விலாசத்தோடு எழுதி, ஆளுக்கு நூறு கலம் நெல் என்று பங்கும் போட்டிருக்கிறான். இதைச் சொல்லலாமே.)

மராட்டியரில் எனக்குப் பிடித்த ஆள் இரண்டாம் சரபோஜி. 1799-இல் கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்கள் ஒப்பந்தம் போட்டு நாட்டு நிர்வாகத்தை வாங்கிக்கொண்டார்கள். அவருக்கு மிஞ்சியது கோட்டையும், வருஷத்துக்கு ஒரு லட்சம் வராகனும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும். படை கிடையாது, வரி வசூல் கிடையாது. இப்படி உட்கார வைக்கப்பட்ட ராஜாக்கள் பலர் குடித்தே அழிந்தார்கள். இவர் புத்தகம் சேர்த்தார். இன்று அரண்மனை வளாகத்துச் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கும் தமிழ், தெலுங்கு, மராட்டி, வடமொழிச் சுவடிகளில் பெரும் பங்கு அவர் பார்த்துப் பார்த்துச் சேர்த்தவை. கண் நோயாளிகளுக்கு நடந்த சிகிச்சையைக் கண்ணின் படம் வரைந்து குறித்து வைத்த ஏடுகள்கூட இருக்கின்றன. போர் செய்ய நாடு இருந்திருந்தால் இந்தக் காசெல்லாம் குதிரைக்கும் பீரங்கிக்கும் போயிருக்கும் என்பது என் எண்ணம்.

அதே அரண்மனை வளாகத்தில் கலைக்கூடம். சோழர் மேல் பக்தி உள்ளவர்களாவது இங்கே வர வேண்டாமா? நான் போனபோதெல்லாம் கூட்டமே இல்லை. திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர், காளை மேல் சாய்ந்து நிற்கும் சிவனின் செப்புத் திருமேனி, இங்கேதான் நிற்கிறார். 1011-இல் வார்த்தது. காளை காணாமல் போய்விட்டது. அது இருந்த இடத்தில் இப்போது வெறும் காற்று, அதன் மேல் கையைச் சாய்த்துக்கொண்டு, ஒரு காலை மறு காலுக்குக் குறுக்கே போட்டு, சடையைத் தலைப்பாகை மாதிரி சுற்றிக்கொண்டு நிற்கிறார். நண்பன் தோளில் கை போட்டு நிற்பவனின் உடம்பில் ஒரு தளர்வு வருமே, இடுப்பில் அது அப்படியே இருக்கிறது. காளை இல்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைக்கும்.

ஊரின் பண்பாட்டை உயிரோடு பார்க்க வேண்டுமென்றால் வைகாசித் திருவோணத்தில் போங்கள். 24 கருடசேவை. மாமணிக் கோயில் நீலமேகப் பெருமாள் தொடங்கி, சுற்றுவட்டாரத்துப் பெருமாள்கள் எல்லாரும் கருடன் மேலேறி ராஜவீதிக்கு வந்துவிடுவார்கள். ஒருவர் பின் ஒருவராக வரிசை. தெருவே பெருமாள்களால் அடைத்துக்கொள்ளும். கடைக்காரர்கள் அண்டாவில் நீர்மோர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். என் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா வரிசையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எங்க தெருப் பெருமாள் வந்துட்டாரா தம்பி? நான் மோர் வாங்கப் போன நேரத்துல போயிட்டாரோ?" மற்ற பெருமாள்களையும் கும்பிட்டார், ஆனால் தேடியது அந்த ஒருவரை. அவர் வந்ததும், "மாலை ரொம்பக் கனம் போட்டிருக்காங்க, பாவம்" என்று அங்கலாய்த்தார். மறுநாள் இதே தெருவில் வெண்ணெய்த்தாழி, பெருமாள்கள் வெண்ணெய்க் குடத்தோடு கண்ணன் கோலத்தில் வருவது.

இந்தக் கோயில்களில் பலவும், பெரிய கோயிலும் சேர்த்து, அரண்மனை தேவஸ்தானத்தின் 88 கோயில்களில் வருபவை. பரம்பரை அறங்காவலர் இன்றும் மராட்டிய அரச குடும்பத்தின் மூத்தவர். ராஜராஜன் கோயிலுக்குப் போன்ஸ்லே வம்சத்தார் அறங்காவலர்! தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதில் ஒரு விசித்திரமும் தெரிவதில்லை.

போகிறவர்களுக்கு: அறையை ராஜவீதிப் பக்கம் போடுங்கள், எல்லாம் நடக்கிற தூரம். பகலில் அரண்மனை. வெயில் தாழ்ந்து, தரைக்கல் கால் சுடாமல் ஆன பிறகு பெரிய கோயில். வீணை செய்யும் பட்டறைகள் ஊரில் இருக்கின்றன, பலா மரத்தைக் குடைவதைப் பார்க்கக் கேட்டுவிட்டுப் போங்கள், வேலை நேரத்தில் சும்மா போய் நிற்காதீர்கள். திருவையாறு பக்கம்தான், பாசிப்பருப்பு அல்வாவான அசோகாவைச் சூடாகச் சாப்பிட அங்கே போய்விடுங்கள். டப்பாவில் அடைத்து ஊருக்குக் கொண்டுவந்தால் நெய் உறைந்து பாதி ருசி போய்விடும்.