விடுமுறைக் காட்சிகளின் காட்ஸில்லாவுக்காக ஒரு வழக்கு

அணுகுண்டுச் சோதனையால் விழித்தெழுந்த ஜப்பானிய சினிமா அரக்கன் காட்ஸில்லாவைப் பற்றிப் பேச்சு வந்தால் உலக சினிமா பார்க்கும் நண்பர்கள் உடனே 1954ஆம் ஆண்டுக்குப் போய்விடுகிறார்கள். ஹோண்டா இஷிரோ இயக்கிய அந்த முதல் படம் மகத்தானது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அந்த ஆண்டு மார்ச் 1 அன்று பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. படகிலிருந்த 23 பேரும் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். அவர்களில் ஒருவர் செப்டம்பரில் இறந்துபோனார். நவம்பரில் வெளியான படத்தின் தொடக்கத்திலேயே கடல் ஒளிர்ந்து பொங்க, ஒரு கப்பல் தீப்பற்றி மூழ்குகிறது. அரங்கில் இருந்தவர்களுக்கு அதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்திருக்காது. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் எனக்கு ஒரு குறை உண்டு. அந்த முதல் படத்தைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் அதே நண்பர்கள், 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே எடுக்கப்பட்ட விடுமுறைக் காட்சிப் படங்களை 'ரப்பர் உடுப்புக் கூத்து' என்று ஒரு சிரிப்போடு ஒதுக்கிவிடுகிறார்கள். அந்தச் சிரிப்பு நியாயமற்றது.

எண்பதுகளில் தூர்தர்ஷனில் 'ஜெயண்ட் ரோபோ' பார்த்து, இல்லாத கைக்கடிகாரத்தில் பேசி இல்லாத இயந்திர மனிதனுக்குக் கட்டளையிட்ட தலைமுறையைச் சேர்ந்தவன் நான் என்பதால், எனக்கு இந்த வழக்கில் கொஞ்சம் சொந்த அக்கறையும் இருக்கிறது. அந்தத் தொடரும் ஜப்பானில் 1967இல் பிள்ளைகளுக்காக எடுக்கப்பட்டதுதான். அதன் கடைசியில் அந்த இயந்திரம் சிறுவனின் கட்டளையை மீறித் தன்னையே அழித்துக்கொண்டு பூமியைக் காப்பாற்றியதைப் பார்த்து அழுதவர்களை இன்றும் சந்திக்கிறேன். வளர்ந்த பிறகு அவர்களும் அதைச் சொல்லிவிட்டு ஒரு சங்கடச் சிரிப்புச் சிரிக்கிறார்கள். ஏன் சிரிக்க வேண்டும்?

அந்தப் படங்கள் பிறந்த சூழலைப் பார்க்க வேண்டும். 1958இல் ஜப்பானியத் திரையரங்குகளில் சுமார் 112 கோடி நுழைவுச்சீட்டுகள் விற்றன. 1970இல் அது 25 கோடி அளவுக்குச் சரிந்துவிட்டது. தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்துவிட்டது. 1966 ஜூலை முதல் வாராவாரம் அல்ட்ராமேன் என்ற தொடர் நாயகன் இலவசமாக அரக்கர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். கூடத்தில் உட்கார்ந்து பார்க்கக் கிடைப்பதைக் காசு கொடுத்துப் பார்க்க யார் வருவார்கள்? காட்ஸில்லா படங்களை எடுத்த டோஹோ நிறுவனம் கண்டுபிடித்த வழி, 1969 டிசம்பரில் தொடங்கிய 'டோஹோ சாம்பியன் திருவிழா'. குளிர்கால, வசந்தகால, கோடை விடுமுறைகளில் ஒரு பெரிய அரக்கர் படம், அதோடு கார்ட்டூன்கள், தொலைக்காட்சி நாயகர்களின் கதைகள் என எல்லாம் ஒரே சீட்டில். போட்டி நிறுவனமான டோயெயும் 'மாங்கா திருவிழா' என்று இதையே செய்தது. காமென் ரைடர் என்ற முகமூடி அணிந்த தொலைக்காட்சி நாயகன் அங்கேதான் பெரிய திரைக்கு வந்தான். இன்று அறுபதைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஜப்பானியர்களின் பால்ய ஏக்கத்தில் பெரும்பங்கு இந்த விழாக்களுக்கு உரியது. (கமேரா என்ற பறக்கும் ஆமையை விட்டுவிட்டேன் என்று சண்டைக்கு வராதீர்கள். 1965இல் அதைப் படைத்த டாயெய் நிறுவனம் 1971இல் திவாலாகிவிட்டது. அது தனிப் பதிவுக்குரிய கதை.)

முதல் சாம்பியன் திருவிழாவின் படத்தையே எடுத்துக்கொள்வோம். காட்ஸில்லா ரசிகர்களே வரிசையின் அடியில் வைக்கும் படம் அது. முந்தைய படங்களின் சண்டைக் காட்சிகளை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு, உண்மைதான். ஆனால் கதை என்ன? தொழிற்சாலைகள் நெருங்கிய கவாசாகியில் இச்சிரோ என்றொரு சிறுவன். அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போகிறார்கள். பள்ளி விட்டு வந்தால் பூட்டிய வீடுதான் அவனுக்கு வரவேற்பு. தெருவில் ஒரு முரட்டுப் பையனின் தொல்லை. தனிமையில் அவன் கண்ணை மூடிக்கொண்டு அரக்கர் தீவுக்குப் போய், காட்ஸில்லாவின் மகன் மினில்லாவோடு பேசுகிறான். அந்தக் குட்டி அரக்கனுக்கும் இதே கதை: அவனையும் ஒருவன் அடிக்கிறான், அவனுடைய அப்பாவும் துணைக்கு வராமல் நீயே சமாளி என்கிறார். இயக்கியவர் வேறு யாருமில்லை, 1954ஆம் ஆண்டுப் படத்தை எடுத்த அதே ஹோண்டாதான். அணுகுண்டைப் பற்றிப் பெரியவர்களுக்குச் சொன்ன மனிதர், பதினைந்து ஆண்டுகள் கழித்து, பொருளாதார வளர்ச்சி காலி செய்துவிட்டுப் போன வீட்டைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்கிறார். இதில் எனக்கு வீழ்ச்சி எதுவும் தெரியவில்லை. அரக்கர்கள் யாரும் நிஜமில்லை, எல்லாம் அவன் கனவு என்று பிள்ளைகளின் முகத்துக்கு நேரே சொல்லும் துணிச்சலும் அந்தப் படத்துக்கு இருக்கிறது.

1971இல் பான்னோ யோஷிமிட்சு இயக்கிய ஹெடோரா படம் இன்னும் கூர்மையானது. கழிவுச் சகதியிலிருந்து உருவாகி, தொழிற்சாலைப் புகைபோக்கியில் வாய்வைத்துப் புகையை உறிஞ்சும் அரக்கன் அது. மினமாட்டா என்ற ஊரில் பலரைத் தாக்கிய நரம்பு நோய்க்குப் பாதரசக் கழிவே காரணம் என்று ஜப்பானிய அரசு 1968இல்தான் ஒப்புக்கொண்டிருந்தது. 1970 ஜூலையில் டோக்கியோவின் சுகினாமி பகுதியில் பள்ளி மாணவிகள் நச்சுப் புகைமூட்டத்தில் மயங்கி விழுந்தார்கள். அடுத்த ஆண்டுக் கோடை விடுமுறைப் படத்தில், ஹெடோரா மேலே பறந்து போக, உடற்பயிற்சி செய்துகொண்டிருக்கும் பள்ளிப் பெண்கள் மூச்சுத் திணறி விழுகிறார்கள். படத்தின் தொடக்கப் பாடல் பாதரசம், கோபால்ட், காட்மியம் என்று நச்சுகளின் பெயர்களை அடுக்கிவிட்டு, சூரியனைத் திருப்பிக் கொடு என்று கேட்கிறது. செய்தித்தாளில் தங்கள் வயதுப் பிள்ளைகளைப் பற்றி வந்ததை, பிள்ளைகள் திரையில் பார்த்தார்கள். அதே படத்தில் காட்ஸில்லா தன் வாய்த்தீயின் உந்துதலில் பின்னோக்கிப் பறக்கவும் செய்கிறது. அது அபத்தம்தான், அந்த அபத்தத்தைச் சொல்லி முழுப் படத்தையும் கழித்துவிடுவதுதான் எனக்கு உடன்பாடில்லை.

ரப்பர் உடுப்பு என்ற கேலிக்கு வருகிறேன். முதல் உடுப்பின் எடை ஏறத்தாழ 100 கிலோ. அதற்குள் நின்ற நகாஜிமா ஹாருவோ, விலங்குகளின் நடையைப் படிக்க விலங்குக்காட்சிச் சாலைக்குப் போய் யானையையும் கரடியையும் கவனித்தவர். 1954 முதல் 1972 வரை 12 படங்களில் அந்த உடுப்பைச் சுமந்தார். தந்திரக் காட்சிகளை அமைத்த சுபுராயா எய்ஜியின் குழு மினியேச்சர் நகரங்களைக் கட்டி, கேமராவை வேகமாக ஓடவிட்டுப் படம் பிடித்தது. திரையில் இயல்பு வேகத்தில் ஓட்டும்போது இடிபாடுகள் மெல்லச் சரிந்து, சின்னக் கட்டடத்துக்குப் பெரிய கட்டடத்தின் கனம் வந்துவிடும். கட்டடம் பொம்மை என்று முன்வரிசைப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டே நம்புவது பிள்ளைகளின் திறமை. தெருக்கூத்தில் கட்டைக் கிரீடம் வைத்தவரைத் துரியோதனனாகப் பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

விழாக்காரர்களின் பக்கம் மன்னிக்க முடியாத தவறும் ஒன்று உண்டு. பழைய படங்களைப் பிள்ளைகளுக்கு ஏற்பச் சுருக்கி மறுவெளியீடு செய்தபோது, 1962ஆம் ஆண்டின் கிங் காங் - காட்ஸில்லா படத்தை 97 நிமிடத்திலிருந்து 74 நிமிடமாக்க, மூல நெகட்டிவிலேயே கத்தரி வைத்துவிட்டார்கள். முழுப் படத்தைத் தரமான வடிவில் மீட்டெடுக்க 2016 வரை ஆயிற்று. பிள்ளைகள்தானே, இது போதும் என்ற அலட்சியம் நிர்வாகத்தில் இருந்தது. படம் எடுத்தவர்களிடம் அது அவ்வளவாக இல்லை என்பதே என் வாதம்.

இவ்வளவு செய்தும் பழைய கூட்டம் திரும்பவில்லை. 1954ஆம் ஆண்டின் முதல் படத்துக்கு 96 லட்சம் பேர் வந்தார்கள். 1975இல் வெளிவந்த ஹோண்டாவின் கடைசி காட்ஸில்லா படத்துக்கு வந்தவர்கள் 10 லட்சத்துக்கும் குறைவு. அதன் பிறகு ஒன்பது ஆண்டுகள் புதிய காட்ஸில்லா படமே இல்லை.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் ஹெடோராவையே சொல்வேன், அதுவும் ஆங்கில டப்பிங் இல்லாமல் ஜப்பானிய ஒலியோடு. பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள். மனிதர்கள் எலும்புக்கூடாகும் காட்சிகள் உண்டு என்பதால் மிகச் சிறியவர்களுக்கு வேண்டாம்.