தையல் மெஷினுக்குச் சமையல் எண்ணெய் வேண்டாம்

சமையலுக்கு வாங்கும் சூரியகாந்தி எண்ணெயை வீட்டில் வேறு பல வேலைகளுக்கும் பயன்படுத்தலாம் என்று சொல்கிறார்கள். அதில் ஒன்று சரி: ஸ்டிக்கரை உரித்த பிறகு ஒட்டியிருக்கும் பசையைச் சூரியகாந்தி எண்ணெய் நன்றாக இளக்கும். அப்புறம் சோப்பு போட்டுக் கழுவினால் போதும். ஆனால் "கதவுக் கீல், தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் அதையே விடலாம்" என்பது தவறு. முதலில் சத்தம் அடங்கும்தான், அதை நம்பிவிடாதீர்கள். இந்த எண்ணெயில் பொதுவாக லினோலியிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் அதிகம். அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பிசினாகிவிடும். அடுப்பைச் சுற்றிப் படியும் பிசுபிசுப்பான மஞ்சள் படலமும் இப்படி உருவாவதுதான். அதில் தூசியும் நூல் துணுக்கும் ஒட்டி மெஷின் இறுகிப்போகும். தையல் மெஷின் எண்ணெய் என்று விற்பது பெரும்பாலும் சுத்திகரித்த கனிம எண்ணெய், அதாவது பெட்ரோலியத்திலிருந்து எடுப்பது. அது இப்படிக் கெட்டியாகாது. ஏற்கெனவே சமையல் எண்ணெய் விட்டிருந்தால், இறுகுவதற்குள் துடைத்து எடுத்துவிடுங்கள்.