ஸ்ருதியைக் குறைத்தால் தேர்வாக மாட்டீர்களா?

"பாட்டுப் போட்டி ஆடிஷனில் ஒரிஜினல் பாட்டின் ஸ்ருதியிலேயே பாடணும், குறைத்தால் நிராகரிப்பார்கள்" என்று சிலர் சொல்வது தவறுங்க. சூப்பர் சிங்கர் மாதிரி போட்டிகளின் முதல் சுற்றில் பெரும்பாலும் பக்கவாத்தியம் இல்லாமல்தான் பாட வேண்டியிருக்கும். அங்கே கவனிப்பது, எடுத்த ஸ்ருதியில் கடைசிவரை நிற்கிறீர்களா என்பதைத்தான்.

பாட்டின் உச்ச ஸ்வரத்தை முதலில் பாடிப் பாருங்கள். கழுத்து இறுகினால் ஸ்ருதியை அரை அரைக் கட்டையாக (கட்டை என்பது ஸ்ருதியின் அளவு) இறக்குங்கள், சரியாகும்வரை. ரொம்ப இறக்கினாலும் பாட்டின் கீழ் ஸ்வரங்கள் வெறும் காற்றாகிவிடும், அதையும் சோதியுங்கள்.

பதற்றத்தில் பல்லவியை ஒரு கட்டை ஏற்றி எடுத்து, சரணத்தில் குரல் உடைவதுதான் அதிகம் நடக்கிறது. பெயர் கூப்பிடும் முன் தம்புரா செயலியை இயர்போனில் கேட்டு, ச-ப-ச முணுமுணுத்துவிட்டு உள்ளே போங்கள்.